பழைய பி.ஏ.பி.எக்ஸும் வொய்ஸ் மெயிலும்: எந்த வழியால் இணைப்பது?

பத்துப் பதினைந்து வருடமாக ஓடும் பி.ஏ.பி.எக்ஸை, அதாவது அலுவலகத்து எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் போன் பெட்டியை, கழற்றி எறிய எந்த முதலாளிக்கும் மனம் வராது. கொழும்பில் புறக்கோட்டை மொத்தக் கடையானாலும் சரி, வெள்ளவத்தை மருத்துவ நிலையமானாலும் சரி, எக்ஸ்டென்ஷன் அடிக்கிறவரை அது நல்ல சாமான்தான். குறை என்னவென்றால், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலை ஐந்துக்குப் பிறகும் வரும் அழைப்பை எடுக்க ஆள் இருப்பதில்லை. வொய்ஸ் மெயில் போடலாம் என்று குவோட்டேஷன் கேட்டால் எல்லாவற்றிலும் முதல் வரியில் நிற்பது இரண்டு எண்கள்: எத்தனை போர்ட் (ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பை எடுக்கும் என்பது), எத்தனை மணி நேரப் பதிவு. தீர்மானிக்க வேண்டிய விஷயம் இந்த இரண்டிலும் இல்லை.

குரலைக் கொண்டுபோக இரண்டு வயர் போதும். குரலோடு கூடப் போகவேண்டிய தகவல்தான் சிக்கல். வந்த அழைப்பு முதலில் எந்த எக்ஸ்டென்ஷனுக்கு வந்தது, லைன் பிஸி என்பதால் திரும்பியதா, எடுக்க ஆளில்லாமல் திரும்பியதா, அழைத்தவரின் இலக்கம் என்ன என்பவை பி.ஏ.பி.எக்ஸிலிருந்து வொய்ஸ் மெயிலுக்குப் போகவேண்டும். மெசேஜ் இருக்கிறது என்று போனில் விளக்கை எரிக்கும் கட்டளை மறுபக்கமாக வரவேண்டும். அழைத்தவர் ரிசீவரை வைத்தவுடன் அந்தச் செய்தியும் தாமதமில்லாமல் போய்ச் சேரவேண்டும். முதல் தகவல் போகாவிட்டால், அழைத்தவருக்கு உங்கள் மேலாளரின் குரல் கேட்காது. “மெயில்பொக்ஸ் இலக்கத்தை அழுத்தவும்” என்றுதான் கேட்கும். வாடிக்கையாளர் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இந்தத் தகவல்களை எப்படிக் கடத்துகிறது என்ற ஒரே அளவுகோலால் பார்ப்போம்.

அனலொக் போர்ட், டி.டி.எம்.எஃப் சிக்னல்

மலிவானதும் எங்கும் பொருந்துவதும் இதுதான். தலைவலி அதிகம் தருவதும் இதுதான். பி.ஏ.பி.எக்ஸில் நான்கு சாதாரண எஸ்.எல்.டி (ஒற்றை லைன் அனலொக் போன்) எக்ஸ்டென்ஷன்களை எடுத்து ஒன்று பிஸியானால் அடுத்ததற்குத் தாவும் ஒரு ஹன்ட் குரூப் ஆக்கி, அந்த நான்கு சோடி வயரையும் வயர்களைக் கோர்க்கும் குரோன் மொடியூலில் பஞ்ச் பண்ணி வொய்ஸ் மெயிலின் போர்ட்களுக்குக் கொண்டுபோவீர்கள். ஒவ்வொரு பயனரின் எக்ஸ்டென்ஷனிலும் பிஸி, நோ ஆன்சர் இரண்டுக்கும் அந்தக் குரூப்புக்கு ஃபோர்வர்ட் கொடுப்பீர்கள். வொய்ஸ் மெயில் போர்ட் எடுத்தவுடன், திரும்பிவந்த அழைப்பு யாருக்கானது என்பதை பி.ஏ.பி.எக்ஸ் அதே லைனில் டி.டி.எம்.எஃப், அதாவது பொத்தான் அழுத்தும்போது கேட்கும் டோன்களாக அடித்துச் சொல்லும். பனசோனிக் கே.எக்ஸ் வரிசை இதற்கும் மேலே போய், மணி அடிக்கிறது, பிஸி, எடுத்தாயிற்று என்ற நிலைமைகளுக்கெல்லாம் தனித்தனி இலக்கம் அனுப்பும். அழைத்தவர் வைத்துவிட்டால் வழக்கமாக #9 போகும். இந்த வசதி இருக்கிற பி.ஏ.பி.எக்ஸ் என்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இல்லாத பி.ஏ.பி.எக்ஸ் சில வெறும் மணியை மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய முதற்கேள்வி இது: “ஃபோர்வர்ட் ஆன அழைப்பில் எக்ஸ்டென்ஷன் இலக்கத்தை டி.டி.எம்.எஃப்-ஆக அனுப்புமா?”

அனுப்பினாலும் நேரம் பொருந்தவேண்டும். வொய்ஸ் மெயில் எடுத்த கணத்திலேயே வரவேற்புக் குரலைத் தொடங்கினால், அந்தக் குரலின் எதிரொலியில் டோன்கள் கரைந்து முதல் இலக்கம் தொலையும். 2145 என்பது 145 ஆகப் போய்ச் சேரும். எடுத்ததும் ஒரு செக்கனிலிருந்து ஒன்றரைச் செக்கன்வரை வொய்ஸ் மெயிலை மௌனமாக வைத்திருங்கள். டோன் ஒவ்வொன்றும் 80 முதல் 100 மில்லி செக்கன், இடைவெளியும் அதே அளவு என்று வைத்தால் பழைய கார்டுகளும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, ரிசீவரை வைத்தது தெரியாமல் போவது. அனலொக் இணைப்பில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு இதுதான். மெசேஜ்களின் கடைசியில் “டூட், டூட்” என்று பிஸி டோன் பதிவாகியிருக்கும்; காலையில் வந்து பார்த்தால் நான்கு போர்ட்டும் பிடித்தபடியே நிற்கும். இதற்கு மூன்று வேலி போடலாம். முதலாவது, லைனில் மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் அறுக்கும் சி.பி.சி சிக்னல். பி.ஏ.பி.எக்ஸ் 250 மில்லி செக்கன் அறுக்க, வொய்ஸ் மெயில் 400-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படவே படாது. இரண்டு பக்கத்து அளவையும் பார்த்து ஒன்றாக்குங்கள். இரண்டாவது, பிஸி டோனை அடையாளம் காண்பது. இதற்கு உங்கள் பி.ஏ.பி.எக்ஸ் அடிக்கும் டோனின் அதிர்வெண்ணையும் ஒலித்து நிற்கும் நேரத்தையும் வொய்ஸ் மெயிலுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். இங்கே ஓடும் பி.ஏ.பி.எக்ஸ்களில் ஜப்பான், கொரியா, ஜெர்மனி என்று பல ஊர் டோன்கள் கலந்து கிடக்கின்றன. கையேட்டை நம்பாமல் பத்து செக்கன் பதிவு செய்து அளந்து பார்ப்பதே மேல். மூன்றாவது, ஏழெட்டு செக்கன் தொடர்ந்த மௌனம் வந்தாலும், மெசேஜ் மூன்று நிமிடம் தாண்டினாலும் வெட்டிவிடுவது.

மூன்றையும் போட்ட பிறகும் போர்ட் மாட்டிக்கொண்டால், வொய்ஸ் மெயிலைக் குறைசொல்வதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. உள்ளிருந்து ஓர் எக்ஸ்டென்ஷனால் அழைத்து, மெசேஜ் பதிவாகும்போது ரிசீவரை வையுங்கள். போர்ட் உடனே விடுபடுகிறதா? பிறகு கைத்தொலைபேசியால் வெளி லைனில் வந்து அதையே செய்யுங்கள். உள் அழைப்பில் விடுபட்டு வெளி அழைப்பில் மாட்டினால் பழுது வொய்ஸ் மெயிலில் இல்லை. வெளி லைனில் துண்டிப்புச் சிக்னல் வருவதில்லை, பி.ஏ.பி.எக்ஸுக்கே அழைத்தவர் போனது தெரியாது. செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்த பிறகு இது புதிதாகத் தலைகாட்டலாம். ஃபைபர் பெட்டியின் போன் துவாரம் துண்டிப்பின்போது லைனை அறுக்குமா, துருவத்தை மாற்றுமா, வெறும் டோன் மட்டும் அடிக்குமா என்பது அதன் செட்டிங்கைப் பொறுத்தது. சேவை தருபவரிடம் அதை மாற்றித்தரக் கேட்கவேண்டும். நீங்கள் உள்ளே எவ்வளவு மினக்கெட்டாலும் சரிவராது.

அழைப்பை வேறு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றுவதற்கு வொய்ஸ் மெயில் லைனைக் கணநேரம் அறுத்து ஹூக் ஃப்ளாஷ் கொடுக்கும். 100 மில்லி செக்கன் ஃப்ளாஷை ஏற்கும் பி.ஏ.பி.எக்ஸ் உண்டு, 600 கேட்பதும் உண்டு. குறைந்தால் ஒன்றுமே நடக்காது, கூடினால் அழைப்பே வெட்டுப்படும். பெண்குரலில் வரும் சில சுருதிகளை டோன் என்று தவறாக எடுத்து மெசேஜை நடுவில் நிறுத்திவிடும் பழக்கமும் பழைய அனலொக் கார்டுகளுக்கு உண்டு. டோன் உணர்திறனை ஒரு படி குறைத்தால் அடங்கும்.

விளக்கு எரிப்பதற்குத் தனிப் பாதை இல்லை. வொய்ஸ் மெயில் ஏதாவது ஒரு போர்ட்டை எடுத்து, விளக்கு எரிக்கும் குறியீட்டு இலக்கமும் எக்ஸ்டென்ஷன் இலக்கமும் டயல் பண்ணும். அதே கணத்தில் வெளியிலிருந்து அழைப்பு அந்தப் போர்ட்டுக்கு வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஹன்ட் குரூப் முதலாம் போர்ட்டிலிருந்து மேலே ஏறட்டும், வெளி டயல் கடைசிப் போர்ட்டிலிருந்து கீழே இறங்கட்டும், முட்டல் அருகிப்போகும். இன்னொன்று: முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மலிவு போன்களில் அந்த விளக்கே இருக்காது. அவற்றில் ரிசீவரை எடுத்ததும் விட்டுவிட்டுக் கேட்கும் டயல் டோன்தான் அடையாளம். ஊழியர்களுக்கு அதைச் சொல்லிவைக்காவிட்டால் லைன் பழுது என்று முறையிடுவார்கள்.

எஸ்.எம்.டி.ஐ சீரியல் இணைப்பு

குரல் அதே அனலொக் வயரில் போக, தகவல் மட்டும் தனி ஆர்.எஸ்-232 கேபிளில் போவது எஸ்.எம்.டி.ஐ. அமெரிக்காவில் பெல்கோர் என்ற தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை. பெரிய எக்ஸ்சேஞ்களுக்காக வந்தது, பிறகு பெரிய பி.ஏ.பி.எக்ஸ்களுக்கும் இறங்கியது. என்.இ.சி. போன்றவர்கள் இதே பாணியில் தங்கள் சொந்தப் பெயரில் ஒன்று வைத்திருப்பார்கள்.

ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி எழுத்து வரும். லேப்டொப்பில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து, வழக்கமான 1200 போட், 7 பிட், ஈவன் பாரிட்டி, ஒரு ஸ்டொப் பிட் வைத்துப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். முதலில் மெசேஜ் டெஸ்க் என்பதற்கான எம், டி என்ற இரண்டு எழுத்து. அடுத்து மூன்று இலக்க டெஸ்க் எண், உதாரணமாக 001. பின்னர் எந்தக் குரல் லைனில் அழைப்பு வருகிறது என்ற நான்கு இலக்கம், 0003. பிறகு காரணத்தைச் சொல்லும் ஓர் எழுத்து. ஏ என்றால் எல்லா அழைப்பும் ஃபோர்வர்ட், பி என்றால் பிஸி, என் என்றால் எடுக்கவில்லை, டி என்றால் நேரடியாகவே வொய்ஸ் மெயிலுக்கு வந்தது. அதன்பின் முதலில் அழைக்கப்பட்ட எக்ஸ்டென்ஷன், கடைசியில் அழைத்தவர். விளக்குக்கான கட்டளை அதே கேபிளில் மறுபக்கமாக வரும். விளக்குக்காகப் போர்ட் எதுவும் வீணாவதில்லை.

தகவல் என்று பார்த்தால் டி.டி.எம்.எஃப்-ஐ விட இது எவ்வளவோ சுத்தம். ஆனால் தவறினால் ஆபத்தான முறையில் தவறும். அந்த 0003 என்பது வொய்ஸ் மெயிலின் மூன்றாம் போர்ட்டில் உண்மையிலேயே பஞ்ச் ஆகியிருக்கவேண்டும். குரோனில் இரண்டு சோடி மாறிப்போனால் எதுவும் பழுதானதுபோலத் தெரியாது. கணக்காளருக்கு வந்த மெசேஜ் களஞ்சியப் பொறுப்பாளரின் பெட்டியில் விழும். தகவல் வரியும் மணியும் வெவ்வேறு பாதையில் வருவதால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வரிக்காக இரண்டு மூன்று செக்கன் காத்திருக்கும்படி வொய்ஸ் மெயிலை வைக்கவேண்டும். குப்பை எழுத்துகள் வந்தால் போட் வேகமோ பாரிட்டியோ பிழை. ஒன்றுமே வராவிட்டால் கேபிளில் 2-ஆம், 3-ஆம் பின்கள் குறுக்கே மாறவேண்டியிருக்கலாம். கேபிள் 15 மீட்டருக்குள் நிற்கட்டும்.

இரண்டு பக்கமும் ஏற்கெனவே எஸ்.எம்.டி.ஐ வைத்திருந்தால் தாராளமாகப் பாவியுங்கள். இதற்காகவே புதிதாக லைசன்ஸோ சீரியல் கார்டோ வாங்குவது காசைக் கரைப்பது.

சொந்தக் கார்டும் டிஜிட்டல் போனாக நடிக்கும் பெட்டியும்

பி.ஏ.பி.எக்ஸ் செய்த கொம்பனியே தரும் வொய்ஸ் மெயிலுக்கு மேலே சொன்ன எந்தத் தகவல் பிரச்சினையும் இல்லை. பனசோனிக் கே.எக்ஸ்-டி.வி.எம் 50, 200 போன்றவை அதே கொம்பனியின் பி.ஏ.பி.எக்ஸோடு டிஜிட்டல் போர்ட்டில் பேசும். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் தாமே இழுத்து மெயில்பொக்ஸ்களை உண்டாக்கிக்கொள்ளும். அழைத்தவர் வைத்தது அந்தக் கணமே தெரியும். பின்னர் வந்த கே.எக்ஸ்-என்.எஸ் வரிசையில் அது உள்ளேயே இருக்கிறது; லைசன்ஸ்தான் திறக்கவேண்டும். மற்றக் கொம்பனிகளிடமும் இதற்கு ஈடானது உண்டு. அரை நாளில் வேலை முடியும்.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. பழைய மாடலுக்கான கார்டு புதிதாகக் கிடைப்பதில்லை, பனசோனிக் இந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே செகண்ட் ஹேண்ட் சாமானைத்தான் தேடவேண்டும். வாங்கும்போது கார்டின் மாடலை மட்டும் பார்த்தால் போதாது, உங்கள் பி.ஏ.பி.எக்ஸின் மென்பொருள் பதிப்பு அந்தக் கார்டை ஏற்குமா, லைசன்ஸ் கார்டிலேயே இருக்கிறதா, இல்லை பழைய இயந்திரத்தின் இலக்கத்தோடு கட்டப்பட்டதா என்று கேளுங்கள். பிந்தியதென்றால் கார்டு உங்களிடம் வரும், லைசன்ஸ் வராது. குரல் சேமிக்கும் மெமரி கார்டோ ஹார்ட் டிஸ்கோ பாவித்துத் தேய்ந்ததாக இருக்கும். வாங்கிய அன்றே மாற்றிவிடுவது நல்லது.

வேறு கொம்பனி வொய்ஸ் மெயிலை இதே நெருக்கத்தில் இணைக்க ஒரு குறுக்கு வழி உண்டு. டயலொஜிக் மீடியா கேட்வே போன்ற பெட்டி தன்னை எட்டு டிஜிட்டல் போன்கள் என்று பி.ஏ.பி.எக்ஸுக்குக் காட்டிக்கொள்ளும். போனின் சிறு திரையில் தோன்றும் எழுத்தைப் படித்து “இது 2145-க்கு வந்தது, எடுக்கவில்லை” என்று புரிந்து மறுபக்கம் சிப் (SIP, நெட்வேர்க் வழியே போன் பேசும் முறை) அழைப்பாகக் கொடுக்கும். விளக்கும் துண்டிப்பும் சரியாக வேலை செய்யும். ஆனால் அது படிப்பது மனிதருக்காக எழுதிய திரை எழுத்தை. யாராவது பி.ஏ.பி.எக்ஸின் திரை மொழியை மாற்றினாலோ மென்பொருளைப் புதுப்பித்தாலோ படிப்பு குழம்பிவிடும். ஒவ்வொரு பி.ஏ.பி.எக்ஸ் குடும்பத்துக்கும் தனி மாடல் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பெரிய பி.ஏ.பி.எக்ஸை இன்னும் சில வருடம் ஓட்டியே ஆகவேண்டிய இடத்துக்குத்தான் இந்தச் செலவு நியாயம்.

ஈ-1 லைன்

முப்பது குரல் சேனல், தகவலுக்குத் தனி சேனல், ஒரே கேபிள். பி.ஏ.பி.எக்ஸ்கள் தமக்குள் பேசும் சிக்னல் மொழியான கியூ-சிக் பேசும் ஈ-1 என்றால் அழைப்பு யாரிடமிருந்து திரும்பியது, ஏன் திரும்பியது, விளக்கு என்ற எல்லாமே முறையாகப் போகும். வெளி லைனுக்குப் பாவிக்கும் சாதாரண ஐ.எஸ்.டி.என் பி.ஆர்.ஐ மட்டும் என்றால் திரும்பிய இலக்கம் வருவது பி.ஏ.பி.எக்ஸைப் பொறுத்தது, விளக்குக்கு வேறு வழி பார்க்கவேண்டும். ஆக, “பி.ஆர்.ஐ இருக்கிறது” என்ற பதிலோடு திருப்திப்படாமல் கியூ-சிக் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். நேரடியாக இரண்டு பெட்டியைக் கோர்க்கும்போது 1-ஐ 4-க்கும், 2-ஐ 5-க்கும் மாற்றிய குறுக்குக் கேபிள் வேண்டும். ஒரு பக்கம் நெட்வேர்க், மறுபக்கம் யூசர். இரண்டு பெட்டியையும் ஒத்து ஓடவைக்கும் கடிகாரச் சிக்னல் பி.ஏ.பி.எக்ஸிடமிருந்து வரட்டும், இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் சில நிமிடத்துக்கு ஒருமுறை குரலில் “டிக்” என்று வெட்டு விழும், ஃபக்ஸ் இருந்தால் அது பாதியில் நிற்கும். ஐம்பது எக்ஸ்டென்ஷனுக்குக் குறைந்த இடத்துக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரியின் மறுதலை.

சிப்

பி.ஏ.பி.எக்ஸில் ஐ.பி கார்டு இருந்தால், அல்லது போடக்கூடியதாக இருந்தால், மற்ற வழிகளைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஆஸ்டெரிஸ்க் என்ற போன் மென்பொருள் ஓடும் ஒரு சிறு கொம்பியூட்டர் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுக்கும் சாதாரண மினி பி.சி.யே நூறு பேருக்குத் தாராளம். மென்பொருள் இலவசம், ஆனால் பி.ஏ.பி.எக்ஸ் பக்கத்தில் சிப் சேனல் ஒவ்வொன்றுக்கும் லைசன்ஸ் கேட்பார்கள். விலையைத் தீர்மானிப்பது அந்த லைசன்ஸ்தான்.

தகவல் சிப் தலைப்பில் போகும். டைவர்ஷன் என்ற தலைப்பிலோ ஹிஸ்டரி-இன்ஃபோ என்ற தலைப்பிலோ முதலில் அழைக்கப்பட்ட இலக்கமும் காரணமும் இருக்கும். விளக்குக்கு நோட்டிஃபை மெசேஜ் போகும். துண்டிப்பு “பை” என்ற ஒரு மெசேஜ். பிஸி டோனைக் காது கொடுத்துக் கேட்கும் வேலை கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல பி.ஏ.பி.எக்ஸ்கள் இரண்டு பெட்டிகளை இணைக்கும் பொதுப் பாதையான சிப் ட்ரங்கில் மட்டுமே டைவர்ஷன் அனுப்பும். அதே வொய்ஸ் மெயிலை சிப் எக்ஸ்டென்ஷனாகப் பதிவு செய்தால் அனுப்பாது. ஆகவே முதலில் ஒரு அழைப்பை ஃபோர்வர்ட் ஆகவிட்டு, பக்கெட் பிடிக்கும் மென்பொருளால் அழைப்பைத் தொடங்கும் இன்வைட் மெசேஜைத் திறந்து பாருங்கள். 2145 எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் மேலே போகலாம்.

இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. எல்லோரையும் 5000 என்ற ஒரே இலக்கத்துக்கு ஃபோர்வர்ட் பண்ணாமல், ஒவ்வொருவரையும் 5-ஓடு தன் எக்ஸ்டென்ஷன் சேர்ந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள்: 2145 என்பவர் 52145-க்கு. 5-இல் தொடங்கும் ஐந்து இலக்கம் எல்லாம் சிப் ட்ரங்கில் போகட்டும். வொய்ஸ் மெயில் முதல் இலக்கத்தை வெட்டினால் மெயில்பொக்ஸ் கையில் கிடைக்கும். நூறு எக்ஸ்டென்ஷனுக்கு ஒவ்வொன்றாக அடிக்கவேண்டும் என்ற ஒரு நாள் அலுப்பைத் தவிர இதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. டைவர்ஷன் ஒழுங்காக வரும் இடத்தில்கூட இந்த முறையை விரும்புகிறவர்கள் உண்டு, ஏனென்றால் மென்பொருள் புதுப்பித்தாலும் இது உடையாது.

குரலை எண்ணாக்கும் கோடெக் ஜி.711 ஏ-லோ ஆக இருக்கட்டும்; நம் நாட்டு லைன்கள் எல்லாம் அதுதான். ஒரு அழைப்புக்கு ஈதர்நெட்டில் ஒரு திசைக்கு ஏறத்தாழ 87 கிலோபிட். நான்கு அழைப்பு சேர்ந்தாலும் 350-தான், உள் நெட்வேர்க்கில் இது ஒரு சுமையே இல்லை. நெட்வேர்க்கில் இடம் மிச்சம் என்று குரலைச் சுருக்கும் ஜி.729 வைத்தால் பொத்தான் டோன்கள் குரலோடு நசுங்கி, கடவு எண் அழுத்தினால் ஏற்காது. டோன்களை ஆர்.எஃப்.சி 4733 முறையில் தனியாக அனுப்பும்படி இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் இடையில் நிற்கும் ரூட்டரில் சிப் மெசேஜ்களைத் திருத்தும் ஏ.எல்.ஜி வசதியை அணையுங்கள், பி.ஏ.பி.எக்ஸையும் வொய்ஸ் மெயிலையும் ஒரே சப்நெட்டில் வைத்தால் ரூட்டரே நடுவில் வராது. சிப் பாவிக்கும் 5060 என்ற நெட்வேர்க் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

ஐ.பி கார்டே போடமுடியாத பி.ஏ.பி.எக்ஸுக்கு கிராண்ட்ஸ்ட்ரீம் ஜி.எக்ஸ்.டபிள்யூ 4104 போன்ற அனலொக் லைனை சிப்பாக மாற்றும் நான்கு போர்ட் எஃப்.எக்ஸ்.ஓ கேட்வே வைத்து ஆஸ்டெரிஸ்குக்குக் கொண்டுபோகலாம் என்று விற்பார்கள். போகலாம்தான். ஆனால் பி.ஏ.பி.எக்ஸுக்கும் கேட்வேக்கும் நடுவில் இருப்பது அதே அனலொக் வயர், சி.பி.சி, பிஸி டோன், தொலைந்த இலக்கம் என்று மேலே சொன்ன நோய் எல்லாம் கூடவே வரும். சிப் என்ற பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம்.

எத்தனை போர்ட்?

பிஸியான ஒரு மணி நேரத்தில் 40 அழைப்பு மெசேஜ் வைக்கும், ஒவ்வொன்றும் 75 செக்கன் என்று எடுத்தால் 3000 செக்கன். 3600-ஆல் வகுத்தால் 0.83 எர்லாங் (ஒரு போர்ட் அந்த மணி முழுதும் பிஸி என்றால் 1 எர்லாங்). நூற்றில் ஒரு அழைப்புக்கு மேல் திரும்பக்கூடாது என்றால் நான்கு போர்ட் 0.87 தாங்கும், சரியாகப் போதும். அதே பெட்டியை “தமிழுக்கு 2” என்று சொல்லும் ஓட்டோ அட்டென்டன்ட்டாகவும் வைத்து, மணிக்கு 100 அழைப்பு 30 செக்கன் வீதம் அதில் நின்றால் இன்னொரு 0.83 கூடும். இரண்டும் சேர்ந்து 1.67, அதற்கு ஆறு போர்ட் வேண்டும். எட்டுப் போர்ட் 3.13 வரை தாங்கும். பதிவு நேரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை: ஜி.711-இல் ஒரு மணிக்கு சுமார் 29 மெகாபைட், ஜி.எஸ்.எம் முறையில் ஆறு மெகாபைட்டுக்குள். இன்றைய எந்த டிஸ்கும் அதைக் கணக்கிலே எடுக்காது.

தமிழ்க் குரல் பதிவு தனி வேலை. ஆங்கிலத்துக்கு “இருபது”, “ஒன்று” என்று பிரித்துப் பதிந்து சேர்த்தால் நடக்கும்; தமிழில் “இருபத்தொன்று” என்பது ஒட்டிய சொல், பிரித்துச் சேர்த்தால் காதைக் குத்தும். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை முழுமையாகப் பதிந்து, எண் சொல்லும் விதியை வொய்ஸ் மெயிலில் மாற்றி எழுதத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். சொந்தக் கார்டு வகைகளில் விதியை மாற்ற இடமே இல்லாமல் இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மின்வெட்டும் இடியும்

2022-இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் போனதைப் பார்த்த ஊர் இது. பி.ஏ.பி.எக்ஸுக்கு பற்றரி வைத்துவிட்டு வொய்ஸ் மெயில் கொம்பியூட்டரை மறந்துவிடுவது வழக்கம். கரன்ட் திரும்பியதும் பி.ஏ.பி.எக்ஸ் முதலில் எழும்பும். வொய்ஸ் மெயில் எழும்பும்வரை ஃபோர்வர்ட் ஆன அழைப்பு யாரும் எடுக்காத போர்ட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். ஹன்ட் குரூப்பில் 15 செக்கன் கழித்து ஒப்பரேட்டருக்குப் போகும்படி ஓவர்ஃப்ளோ வையுங்கள். சிப் என்றால் ட்ரங்க் பதில் தராவிட்டால் வேறு பாதைக்குத் திருப்புங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி உண்டு: கட்டடங்களுக்கு நடுவே ஓடும் ஒவ்வொரு செம்புச் சோடிக்கும் குரோனில் கேஸ் டியூப் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் வேண்டும். அனலொக் இணைப்பு என்றால் வொய்ஸ் மெயிலை பி.ஏ.பி.எக்ஸ் இருக்கும் அதே அறையிலேயே வைத்துவிடுங்கள்.

யாருக்கு எது

இருபது, முப்பது எக்ஸ்டென்ஷன் உள்ள செட்டியார் தெரு நகைக்கடையோ கணக்காளர் அலுவலகமோ என்றால், அதே கொம்பனியின் பாவித்த கார்டு கைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், பி.ஏ.பி.எக்ஸ் டி.டி.எம்.எஃப் தகவலும் துண்டிப்பு இலக்கமும் அனுப்பும் என்ற உறுதியோடு நான்கு அனலொக் போர்ட். அந்த உறுதி இல்லையென்றால் வொய்ஸ் மெயிலில் காசு போடாமல், ஒரு வருடத்தில் பி.ஏ.பி.எக்ஸையே மாற்றும் திட்டத்துக்கு அதைச் சேர்த்துவைப்பது புத்தி.

ஐம்பது முதல் இருநூறு எக்ஸ்டென்ஷன், ஐ.பி கார்டு போட இடம் உண்டு என்றால் சிப்தான். யோசிக்க ஒன்றும் இல்லை. நாளைக்கு பி.ஏ.பி.எக்ஸ் போனாலும் வொய்ஸ் மெயிலும் பதிந்த குரல்களும் மெயில்பொக்ஸ்களும் அப்படியே மிஞ்சும். சொந்தக் கார்டில் அது கிடையாது.

ஹோட்டல் வேறு கதை. அறைகளில் இருப்பதெல்லாம் விளக்குள்ள அனலொக் போன். அந்த விளக்குக்கு மின்னழுத்தம் தரும் தனி எஸ்.எல்.டி கார்டு பி.ஏ.பி.எக்ஸில் இருக்கவேண்டும், சாதாரண கார்டால் எரியாது. விருந்தினர் கணக்கு முடித்துப் போனதும் அவர் மெசேஜ்கள் அழிந்து விளக்கும் அணையவேண்டும். அதற்கு வரவேற்பு மேசையின் மென்பொருள் வொய்ஸ் மெயிலோடு பேசவேண்டும். இந்த இணைப்பு எந்த வழியில் சோதிக்கப்பட்டு ஓடுகிறதோ அதுவே உங்கள் வழி. கியூ-சிக் ஈ-1-உம் டிஜிட்டல் போனாக நடிக்கும் பெட்டியும் பொருந்துவது பெரும்பாலும் இங்கேதான்.

எந்த வழியானாலும் வொய்ஸ் மெயில் போர்ட்களுக்கு வெளிநாட்டு அழைப்பைப் பூட்டுங்கள். 1234 என்ற கடவு எண்ணோடு விட்ட பெட்டிக்குள் இரவில் புகுந்து 00 போட்டு வெளியே அழைப்பவர்கள் உண்டு. பில் மாத முடிவில்தான் தெரியும். மெசேஜை ஈமெயிலில் இணைத்து அனுப்பும் வசதியைத் திறப்பதானால், 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, எத்தனை நாளில் அழிப்பது என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

கடைசித் தவணைக் காசைக் கொடுப்பதற்கு முன் பொருத்தியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். வெளியிலிருந்து பிஸியான எக்ஸ்டென்ஷனுக்கு ஓர் அழைப்பு, எடுக்காத எக்ஸ்டென்ஷனுக்கு ஓர் அழைப்பு: இரண்டிலும் சரியான ஆளின் குரல் வரவேண்டும். மெசேஜ் நடுவில் கைத்தொலைபேசியில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, போர்ட் எத்தனை செக்கனில் விடுபடுகிறது, பதிவின் கடைசியில் டோன் கேட்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிகிறதா, மெசேஜைக் கேட்டதும் அணைகிறதா? எல்லாப் போர்ட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பி, அடுத்து வரும் அழைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு வொய்ஸ் மெயிலின் பிளக்கைக் கழற்றி அதே சோதனை. எக்ஸ்டென்ஷனோடு கைத்தொலைபேசியையும் சேர்த்து அடிக்கவிட்டிருந்தால், அந்தக் கைத்தொலைபேசி நிறுவனத்தின் வொய்ஸ் மெயில் உங்களுடையதை முந்தி எடுக்கிறதா என்றும் பாருங்கள். முந்தினால் நோ ஆன்சர் நேரத்தை 15 செக்கனுக்கு இறக்கவேண்டும்.